எட்டுக்கு வைச்ச டக்கல்பி

என்ர மனுசன் காஸ் வேலை செய்தவர். ஜேர்மனியில பதினாறு வருசம், பேந்து லண்டனில இருவது வருசம். பொயிலர், அடுப்பு, குழாய் எண்டு ஆரின்ர வீட்டில எது பழுதானாலும் இவருக்குத்தான் போன் வரும். கதை குறைஞ்ச மனுசன். நான் ஒரு நாளில கதைச்சு முடிக்கிறதை அவர் ஒரு மாசத்துக்கு வைச்சுக் கதைப்பார். அதால எங்கட வீட்டில சண்டை எண்டால் நான் மட்டும்தான் போட்டிருக்கிறன். அவர் நிண்டு கேட்டிருக்கிறார்.

அவர் அடுப்புப் பூட்டிக் குடுத்த கடையளில ஒண்டு நியூ மால்டனில இருந்த கொரியாக் கடை. ஒன்பது மேசை. ஒவ்வொரு மேசையின்ர நடுவிலயும் ஒரு காஸ் அடுப்பு, அதுக்கு மேல கார்ச் சில்லு அளவில ஒரு தட்டையான இரும்புச் சட்டி. நடத்துறது ஒரு கொரியாப் பொம்பிளை, எங்களைவிட நாலைஞ்சு வயசு கூட. இவர் முதல் நாளே அவவை அக்கா எண்டு கூப்பிட, அவவும் அதைத் தன்ர பேராவே வைச்சுக்கொண்டா. பூட்டின அடுப்பு ஒழுங்கா எரியுதோ எண்டு பாக்க ஒரு சட்டி சமைச்சுக் காட்டினாவாம். அண்டைக்கு விழுந்தவர்தான் என்ர மனுசன். அதுக்குப் பிறகு தென்பக்கத்து வேலையளை எல்லாம் வியாழக்கிழமைக்குச் சேர்த்து வைச்சுக்கொண்டு, வியாழக்கிழமை மத்தியானம் அந்தக் கடையில இருப்பார்.

அந்தச் சாப்பாட்டின்ர பேர் டக்கல்பி. இப்ப நான் அதுக்குக் கொடி பிடிக்கிற ஆள், அதால முறையாச் சொல்லுறன். எலும்பில்லாத கோழித் தொடையை, மிளகாயும் அரிசியும் சோயாவும் சேர்த்துப் புளிக்கவைச்ச ஒரு சிவப்புக் களியில ஊறவைக்கிறது. சட்டியில அந்தக் கோழி, அதைச் சுத்தி முட்டைக்கோவா, இனிப்பு வத்தாளங்கிழங்கு, வெங்காயம், அரிசிமாவில செய்த விரல் மொத்தத் துண்டுகள், கடைசியா புதினாவுக்கும் துளசிக்கும் நடுவில மணக்கிற ஒரு அகல இலை. எல்லாம் பச்சையாத்தான் உங்களுக்கு முன்னால வரும். கோவா தண்ணி விட, கிழங்கு இனிப்பு விட, கோழி எண்ணெய் விட, அந்தக் களி எல்லாத்தையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு சிவப்புக் குழம்பாக்கும். உறைப்பு, ஆனால் எங்கட உறைப்பில்லை. எங்கட மிளகாய்த்தூள் வாய்க்க போன உடன அடிக்கும். இது முதல் இனிக்கும், பேந்து நிண்டு நிதானமா ஏறும். பழைய ராசமார் காலத்துச் சமையலும் இல்லையாம். காசில்லாத மாணவரும் ஆமிக்காரரும் வயிறு நிறையச் சாப்பிடவேணும் எண்டு உண்டானதாம். கிட்டத்தட்ட என்ர வயசுதான் அதுக்கும்.

கோழியும் மரக்கறியும் முக்கால்வாசி முடிஞ்ச பிறகு, மிச்சக் குழம்புக்க சோறு போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டி, சட்டி முழுக்க தோசை போல மெல்லிசாத் தட்டிவிடுவினம். பேந்து கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நிப்பினம். அந்த நிக்கிற இடத்திலதான் நான் குழப்பினனான்.

இவர் என்னை ஒருக்கா அங்க கூட்டிக்கொண்டு போனவர். மற்றவை சமைக்கிறதைக் கைகட்டிப் பாக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் கடையிலயோ சாப்பிட வந்த ஆள் சட்டியில கை வைக்கக்கூடாது. அக்காதான் ரெண்டு தட்டகப்பையோட வந்து வந்து பிரட்டுவா. சரி எண்டு பொறுத்துக்கொண்டிருந்தன். சோத்தைத் தட்டிப்போட்டு அவ அடுத்த மேசைக்குப் போயிட்டா. சட்டி சரசரவெண்டு சத்தம் போடுது. அடிப்பிடிக்கிற மணம் மூக்கில அடிக்குது. நானும் பாக்கிறன், அவ திரும்பியும் பாக்கேல்லை. அடிப்பிடிச்ச சோறு எண்டால் எங்களுக்கு என்ன? குசினிக்காரிக்கு மரியாதைக்கேடு. சாப்பிட வந்த ஆக்கள் மணந்து பாத்துப்போட்டு வெளியில போய்ச் சொல்லுவினம். ஐயோ பாவம், இந்த மனுசி வேலை மும்முரத்தில மறந்துபோனா எண்டு நினைச்சு, மேசையில கிடந்த தண்ணிக் கிளாசைத் தூக்கிச் சட்டிக்க ஊத்திப்போட்டன்.

புஸ் எண்டு ஒரு புகை. கடை முழுக்கத் திரும்பிப் பாத்தது. அக்கா ஓடி வந்தா. என்ர கையில இருந்த கிளாசை மெதுவா வாங்கி, எனக்கு எட்டாத தூரத்தில வைச்சா. சின்னப் பிள்ளையிட்ட இருந்து கத்திரிக்கோல் வாங்குவினமே, அதே மாதிரி. இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். எனக்கு வந்த கோவத்துக்கு எழும்பிப் போய் வெளியில நிண்ட அவரின்ர வேலை வானுக்க இருந்திட்டன். வீடு வருமட்டும் கதைக்கேல்லை. "இனி உந்தக் கடை வாசல் மிதிக்கமாட்டன்" எண்டு மட்டும் ரெய்னர்ஸ் லேன் திரும்பேக்க சொன்னன்.

அடுத்த வியாழக்கிழமை அவர் தனியப் போனார். வரேக்க கையில ஒரு பேப்பர்ப் பொட்டலம், வெள்ளித்தாளில சுத்தினது. "இஞ்சேரும், உமக்குத்தான்" எண்டு மேசையில வைச்சார். திறந்து பாத்தால் கடும் சிவப்பில, விளிம்பு கறுத்து, ஓடு மாதிரிக் காய்ஞ்ச சோத்துத் துண்டுகள். சட்டியின்ர அடியைச் சுரண்டினது.

நான் என்ன நினைக்கிறது சொல்லுங்கோ. ஒண்டு, நான் தண்ணி ஊத்தினதுக்கு நக்கலடிக்கிறார். இல்லாட்டி, ஒரு பருக்கை வீணாப் போறதைப் பொறுக்காத மனுசன், தான் சாப்பிட்ட மிச்சத்தைச் சுரண்டிக்கொண்டு வந்து என்ர தலையில கட்டுறார். எது எண்டாலும் எனக்கு ஏறினது கோவம்தான். அவர் குளிக்கப் போன நேரம் கொண்டுபோய்ப் பின்வளவில கொட்டினன். அங்க வாற நரி சாப்பிட்டிது.

குளிச்சுப்போட்டு வந்து, "சாப்பிட்டனீரோ?" எண்டு கேட்டார்.

"ஓம், சாப்பிட்டன்."

"எப்பிடி?"

"பரவாயில்லை."

என்ர வாயில இருந்து பரவாயில்லை எண்டு வந்தால் அது பெரிய சேர்டிபிக்கெட். அந்த ஒரு சொல்லை நம்பி மனுசன் நாலு வருசம், வியாழனுக்கு வியாழன், ஒரு பொட்டலம் கொண்டு வந்தது. நானும் வியாழனுக்கு வியாழன் நரிக்குப் போட்டன். ஒவ்வொரு முறையும் கேட்பார், சாப்பிட்டனீரோ எண்டு. நானும் ஓம் எண்டுவன். பொய் சொல்லச் சொல்லப் பழகிப் போச்சுது, நாக்குக் கூசுறதும் இல்லை.

ஒருக்கா குட்மேய்ஸில ஒரு எட்டுச் செலவுக்குப் போயிட்டு வந்துகொண்டிருந்தம். எட்டுச் செலவு எண்டால், எட்டாம் நாள் செத்த ஆளுக்குப் பிடிச்ச சாப்பாடுகளை மச்சம் மாமிசத்தோட சமைச்சு, அவரின்ர படத்துக்கு முன்னால படைக்கிறது. அதுக்குப் பிறகு முப்பத்தோராம் நாள் வரைக்கும் அந்த வீட்டில மரக்கறிதான். இஞ்ச எரிக்கிறதுக்கே நாளெடுக்கும் எண்டதால எட்டையும் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கிறம். இவர் வானை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு உந்தக் கணவாய், றால் ஒண்டும் வேண்டாம். எட்டுக்கு டக்கல்பி வையும். சுடச்சுட."

"வாயைக் கழுவுங்கோ. நல்ல நாளும் அதுவுமா விசர்க்கதை."

"செத்தவீட்டுக்குப் போயிட்டு வாற நாள் என்ன நல்ல நாள்?" எண்டு கேட்டுப்போட்டுச் சிரிச்சார். அந்த மாசத்துக்கான கதை அதோட முடிஞ்சுது.

போன மாசியில ஒரு நாள் பின்னேரம், வேலையால வந்து, சப்பாத்துக் கழட்ட மாடிப்படியின்ர முதல் படியில இருந்தவர். ஒரு சப்பாத்தைக் கழட்டினவர். மற்றது காலிலதான் இருந்தது. நான் தேத்தண்ணியோட வந்து பாக்கேக்க சுவரில சாய்ஞ்சு கிடந்தார். அவ்வளவுதான். ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதிலயும் சிக்கனம்.

எரிச்சு முடிஞ்ச பிறகு எட்டுக்கு ஆயத்தம். இவரின்ர தமையன் சுவிசில இருந்து வந்து நிண்டவர். சடங்கு எண்டால் ஐயருக்கே திருத்தம் சொல்லுற ஆள். கதிரையில இருந்து லிஸ்ட் போட்டார்: ஆட்டிறைச்சி, கணவாய், றால், முட்டை, புட்டு. நான் கடைசியில, "டக்கல்பியும் எழுதுங்கோ அண்ணை" எண்டன்.

அது என்ன எண்டு கேட்டார். சொன்னன். பேனையைக் கீழ வைச்சார்.

"தங்கச்சி, கொரியாச் சாப்பாட்டைப் படையலில வைக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை அண்ணை. சனம் எப்பிடியும் சொல்லும். இது அவர் தன்ர வாயால கேட்டது. முப்பத்தாறு வருசத்தில என்னட்ட அவர் வாய்விட்டுக் கேட்டது ரெண்டோ மூண்டோ விசயம்தான். கடைசியா இதைக் கேட்டவர். நான் வைக்காட்டி முப்பத்தொண்டு என்ன, மூவாயிரம் நாள் போனாலும் எனக்கு நித்திரை வராது."

அவர் பேனையைத் திருப்பி எடுத்தார். "அப்ப ஆட்டிறைச்சியும் கட்டாயம் இருக்கோணும்" எண்டார். அது அவர் இறங்கி வாற முறை.

மிதிக்கமாட்டன் எண்ட வாசலை மிதிக்க வியாழக்கிழமையாப் பாத்துப் போனன். மத்தியானச் சனம் இன்னும் வரேல்லை. அக்கா என்னைக் கண்டா, உடன அடையாளம் பிடிச்சா. பிடிச்சுப்போட்டு, என்ர தோளுக்கு மேலால எட்டிப் பாத்தா. இவர் வானை விட்டுப்போட்டுப் பின்னால வாறார் எண்டு நினைச்சிருக்கிறா. ஜன்னலோரத்து மேசையில ஏற்கெனவே ஒரு தண்ணிக் கிளாஸ் வைச்சிருந்தது. மூண்டு வியாழனா இவர் வரேல்லை. மூண்டு வியாழனும் வைச்சிருக்கிறா.

எங்கட கதை இங்கிலிஷ் எண்டு சொல்ல ஏலாது. அவவின்ர அரைவாசியும் என்ர அரைவாசியும் சேர்ந்து கதை நடந்தது. செத்துப்போனார் எண்டு சொன்னன். அவ மேசைத் துணியால அதே இடத்தைத் திருப்பித் திருப்பித் துடைச்சா. எட்டைப் பற்றிச் சொன்னன். அது உடன விளங்கிச்சுது. தங்கட நாட்டிலயும் செத்தவைக்குச் சாப்பாடு வைக்கிறதாம். ஆனால் முகத்தில ஒரு யோசினை. அவையள் படையலில மிளகாய் வைக்கிறதில்லையாம். உறைப்புக்குப் பயந்து ஆவி வராமல் ஓடிப்போயிடுமாம்.

"அக்கா, எங்கட ஆள் உறைப்புக்கு ஓடுற ஆள் இல்லை. வைக்காட்டித்தான் வரமாட்டார்" எண்டன்.

அவ சிரிச்சா, அழுதா, ரெண்டையும் துணியாலயே துடைச்சா. நான் ஒரு பெட்டியில போட்டுத் தரச் சொல்லிக் கேட்டன். ஏலாது எண்டா. பெட்டியில போட்டால் அது வேற சாப்பாடாம். "நான் வாறன்" எண்டா.

வந்தா. கடையைப் பூட்டிப்போட்டு, அந்தச் சட்டியைக் காரில போட்டுக்கொண்டு எங்கட வீட்டு வாசலில வந்து இறங்கினா. மகனும் மகளும் முன்னறையில வந்த சனத்தைப் பாத்துக்கொண்டு நிக்க, நாங்கள் குசினிக்க சட்டியை ஏத்தினம். நாலு அடுப்பையும் மூடிக்கொண்டு கிடந்தது. அந்த அடுப்பும் இவர் பூட்டினதுதான். அக்கா மூட்ட முதல் திருகியைத் தொட்டுப் பாத்தா.

அவ சமைக்கிறதை அண்டைக்குத்தான் நான் வாயை மூடிக்கொண்டு பாத்தன். என்ன ஒரு கை. கோவாவை எறியிறா, அது விழவேண்டிய இடத்தில விழுது. ரெண்டு தட்டகப்பையும் சட்டியில முட்டுற சத்தத்தை வைச்சே நெருப்பைக் குறைக்கிறா, கூட்டுறா. ஒரு துண்டுக் கிழங்கும் உடையேல்லை, ஒரு துண்டுக் கோழியும் காயேல்லை. நாப்பது வருசமாச் சமைக்கிறவள் நான், பெருமைக்காரி. அண்டைக்கு மனசுக்க ஒரு கும்பிடு போட்டன். குசினி முழுக்க ஒரு சிவப்பு மணம். ஆட்டிறைச்சி மூலையில மூடின சட்டிக்க இருந்து தன்ர மணத்தைக் காட்ட வழியில்லாமல் கிடந்தது.

சோத்தைப் போட்டுத் தட்டினா. சட்டி சரசரத்தது. அப்பத்தான் தமையன் குசினிக்க வந்தவர்.

"தங்கச்சி, அடிப்பிடிக்குது. தண்ணி, தண்ணி" எண்டு கேத்திலைத் தூக்கினார்.

நான் பாய்ஞ்சு அவரின்ர மணிக்கட்டைப் பிடிச்சன். "அண்ணை, நான் ஒருக்கா ஊத்தி வாங்கிக் கட்டினது போதும். நீங்களும் ஊத்தாதேங்கோ." அக்கா எங்கள் ரெண்டு பேரையும் பாத்துப்போட்டு, கேத்திலை வாங்கி, எட்டாத இடத்தில வைச்சா.

அறையில அவரின்ர படத்துக்கு முன்னால இலை போட்டுப் படைச்சம். தமையன்ர லிஸ்ட் எல்லாம் வரிசையா. நடுவில டக்கல்பி, ஆவி பறக்க. பேந்து அக்கா சட்டியின்ர அடியைச் சுரண்டினா. சிவப்பு ஓடு சுருள் சுருளாக் கழண்டு வந்தது. நாலு வருசம் கிழமைக்குக் கிழமை கண்ட சாமான். இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்தவர் எண்டால் அவருக்கு அதில ஒரு ஆசை இருந்திருக்கவேணும்; இண்டைக்காவது மரியாதையா வைப்பம் எண்டு, அந்தச் சுரண்டலை அள்ளிக்கொண்டு போய் இலையில, அவருக்குக் கிட்டவா வைச்சன்.

"நோ" எண்டா அக்கா, அறை வாசலில நிண்டு. எல்லாரும் திரும்பிப் பாத்திச்சினம். "அது அவருக்கு இல்லை."

நான் இலையில வைச்ச கையை எடுக்காமல் திரும்பி அவவைப் பாத்தன்.

"அவர் அதை ஒருநாளும் சாப்பிட்டதில்லை" எண்டா. "ஒரு துண்டும் இல்லை. அதுதான் இதில திறமான பகுதி. எங்கட ஆக்கள் அதுக்குச் சண்டை பிடிப்பினம். நான் பாதியாவது சாப்பிடு எண்டு சொல்லுவன். மாட்டார். முழுக்கச் சுத்தித் தரச் சொல்லுவார். மனுசிக்கு எண்டுவார். அண்டைக்கு அவவுக்குக் கிடைக்கேல்லை, தண்ணி பட்டுப் போச்சுது எண்டுவார். அவவுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு எண்டுவார்."

நல்லாப் பிடிச்சிருக்கு. என்ர ஒரு பரவாயில்லையை மனுசன் அவ்வளவு பெரிசாக்கி, அங்க கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார். தான் ஆசைப்பட்டதின்ர திறமான பங்கைத் தன்ர வாயில வைக்காமல் கொண்டு வந்திருக்கிறார். நான் அதை நரிக்குப் போட்டிருக்கிறன். அழுகையை விட வெக்கம்தான் முதல் வந்தது.

படையலில வைச்சதைத் திருப்பி எடுக்கக்கூடாது எண்டு எனக்கும் தெரியும். தமையனைப் பாத்தன். சடங்கில ஒரு எள்ளுக்கூட விட்டுக்குடுக்காத மனுசன், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"இன்னும் கற்பூரம் கொளுத்தேல்லைத்தானே" எண்டார். "எடும் தங்கச்சி."

எடுத்தன். கற்பூரம் காட்டி, அவர் வந்து சாப்பிட எண்டு அறைக்கதவைச் சாத்தினம். எங்கட முறை அது. எல்லாரும் வெளியில நிண்டினம். நான் மாடிப்படியின்ர முதல் படியில இருந்தன், அவர் சப்பாத்துக் கழட்டின இடத்தில. இருந்து அதைச் சாப்பிட்டன். மொறுமொறு எண்டு உடையுது, உள்ளுக்க ஒட்டிக்கொண்டு இழுபடுது. கருகல் எண்டு நினைச்சன், கசப்பே இல்லை. கோழியின்ர ருசி, கிழங்கின்ர இனிப்பு, நல்லெண்ணெய் மணம், முழுச் சட்டியும் அந்தத் துண்டுக்க இறங்கி நிக்குது. பேந்து உறைப்பு ஏறிச்சுது, நிதானமா. ஒரு துகளும் விடேல்லை. விரலையும் சூப்பினன், சனம் பாக்கப் பாக்க.

கதவைத் திறந்தினம். உள்ளுக்க போய்ப் படத்துக்கு முன்னால நிண்டன். வியாழக்கிழமையில குளிச்சுப்போட்டு வந்து நிக்கிற அதே முகம், கேக்கிற முகம்.

"சாப்பிட்டன்" எண்டு சொன்னன்.